பதில் வராத ஜெபம்

அன்பு மகளுக்கு,

"இனிமேல் என்னால் ஜெபம் பண்ண முடியாதும்மா, சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கு" என்று நேற்று போனில் அழுதாய். நான் உடனே எதுவும் சொல்லவில்லை. அந்தச் சுவரை நானும் பார்த்திருக்கிறேன்.

ஒரு குழந்தைக்காக நாலு வருஷமாகக் கேட்கிறாய். உனக்கு விசுவாசம் பத்தவில்லை என்று யாரோ சொன்னார்களாமே, அதை மனசில் வைக்காதே. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே மூன்று தரம் கேட்டார், இந்தப் பாடுகளின் பாத்திரம் நீங்கட்டும் என்று. நீங்கவில்லை. அப்போஸ்தலன் பவுலும் தன் உடம்பில் முள்ளாய்க் குத்தின வேதனை நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார். கிருபை போதும் என்று பதில் வந்தது, முள் போகவில்லை. இவர்களுக்கா விசுவாசம் குறைவு?

உன் தாத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உனக்கு ஏழு வயசு. அவர் பிழைக்க வேண்டுமென்று இரவெல்லாம் கெஞ்சினேன். போய்விட்டார். அப்புறம் பல மாதம் முழங்கால் போட்டால் "ஆண்டவரே" என்பதற்கு மேல் வாய் வராது. அவ்வளவு கோபம். ஒரு ராத்திரி கட்டிலில் தலை சாய்த்து அப்படியே இருந்தேன். நீ தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்து என் முதுகில் சாய்ந்தாய். நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உன் கன்னத்துச் சூடு முதுகில் பட்டது, கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகித் தூங்கிவிட்டாய். கால் மரத்துப்போகும்வரை நான் அசையவில்லை. பேசாத ஆண்டவர்மேல் நானும் இப்படிச் சாய்ந்துகொள்ளலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

பைபிளில் 88-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பார். மொத்தம் 18 வசனம். ஏன் என்னைத் தள்ளிவிடுகிறீர், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று நேருக்கு நேர் கேட்கிறது. மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியில் ஒரு துதியாவது வரும், இதில் அதுவும் இல்லை. ஆனாலும் பாடினவன் முறையிட்டது அவரிடம்தான், வேறு எங்கும் போகவில்லை. எனக்கு அதுதான் பெரிய விசுவாசமாகத் தெரிகிறது. நீயும் அழகாக ஜெபிக்க வேண்டாம். கோபமா, அவரிடமே கோபப்படு.

குழந்தை பிறக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், அது என் கையில் இல்லை. அவர் உன்னைக் கைவிடவில்லை என்பதை மட்டும் நான் முழுமனசோடு நம்புகிறேன்.

உனக்கு வாய் வராத நாளெல்லாம் உன் பங்கையும் சேர்த்து நான் முழங்கால் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. பேசப் பிடிக்காவிட்டால் சும்மா போனைக் காதில் வைத்துக்கொண்டிரு, சரியா?

உன் அம்மா