பட்டிக்குத் துணை நின்ற உங்கள் எல்லோருக்கும்

வணக்கம்.

ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து நேரில் சொல்லவேண்டிய நன்றி இது. ஆனால் பட்டிக்குள் மிருகம் புகுந்து ஆடுகளைக் குதறிய அன்றிரவு யார் யார் வந்தீர்கள் என்பதே எங்களுக்கு முழுதாகத் தெரியவில்லை. டார்ச் வெளிச்சத்தில் கைகள்தான் தெரிந்தன, முகங்கள் தெரியவில்லை. யாரையாவது விட்டுவிடுவோமோ என்று வீட்டில் ஒரே கவலை. அதனால் எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடுகிறேன். பெயர் யாருடையதையும் போடவில்லை. போட்டால் அதற்கும் சண்டைக்கு வருவீர்கள். படிக்கும்போதே யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பார்க்கும்போதெல்லாம் ஆடுகளைப் பற்றிக் கேட்கிறீர்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடிபட்ட பெரிய ஆடுகள் பெரும்பாலும் பிழைத்துவிட்டன. குட்டிகளில்தான் இழப்பு அதிகம். செத்த குட்டிகள் எல்லாமே கடிபட்டுச் சாகவில்லை. மந்தை பயந்துபோய் ஒரே மூலையில் முண்டியதில் அடியில் மாட்டிக்கொண்ட சில குட்டிகள் மூச்சுமுட்டிச் செத்தன. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாத சினை ஆடுகளிலும் சிலவற்றுக்குப் பின்னால் கரு கலைந்தது. விரட்டப்பட்ட சினை ஆடு அன்றைக்கு நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் பிறகு கலைய வாய்ப்புண்டு என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அது எங்களைப் புதிதாக இடித்துப்போடவில்லை.

மேய்ச்சல்காரப் பெரியவரே, உங்களிடமிருந்துதான் தொடங்கவேண்டும். விடிந்தபோது பட்டியைச் சுற்றிக் கூட்டம். ஒருவர் நரி என்றார், ஒருவர் சிறுத்தை என்றார், இன்னொருவர் செந்நாய் என்று அடித்துப் பேசினார். நீங்கள் எதுவும் சொல்லாமல் முதலில் கால்தடங்களின் மேல் சட்டிகளையும் பக்கெட்டுகளையும் கவிழ்த்து வைத்தீர்கள். யாரும் மிதித்துவிடக் கூடாதாம். அப்புறம் கத்தியை எடுத்து, செத்த குட்டிகளை ஒவ்வொன்றாகத் தோலுரித்தீர்கள். எனக்குப் பார்க்கவே முடியவில்லை. "கோபத்தை அப்புறம் வைத்துக்கொள், இப்போது பார்" என்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தீர்கள்.

உயிரோடு இருக்கும்போது பட்ட கடி என்றால் தோலுக்கடியில் கருஞ்சிவப்பாக ரத்தம் கட்டியிருக்கும், செத்தபிறகு வந்து தின்றது என்றால் சதை வெளுத்துக் கிடக்கும் என்று விரலை வைத்துக் காட்டினீர்கள். ஓரமாகக் கிடந்த ஒரு சின்னக் குட்டிக்குக் கண் இல்லை, வயிறு கிழிந்திருந்தது. அதைத்தான் எல்லோரும் பெரிய அக்கிரமமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் அதன் குளம்பைத் திருப்பினீர்கள். பிறக்கும்போது நுனியில் இருக்கும் மெத்தென்ற சவ்வு தேயாமல் அப்படியே இருந்தது. ஓரடிகூட நடக்காத குட்டி. நுரையீரலில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டீர்கள், அடியில் போய் உட்கார்ந்தது. மூச்சே விடாமல் பிறந்தது அது. காக்கையோ நரியோ பிறகு வந்து கொத்தியிருக்கிறது. "இதைக் கொலைக் கணக்கில் எழுதாதே" என்றீர்கள்.

மற்றக் குட்டிகளின் கதை வேறு. கடி பின்னங்காலில், விலாவில், காதில், வாலில் என்று கண்ட இடத்தில் எல்லாம் இருந்தது. மயிர் பிய்ந்து பட்டி முழுக்கப் பறந்துகிடந்தது. தின்றது மட்டும் கொஞ்சம்தான். சிறுத்தையாக இருந்தால் குரல்வளையிலோ பிடரியிலோ ஒரே பிடி, பிறகு மறைவுக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கும். தடத்தில் நகக்குறியும் விழாது, ஏனென்றால் அது நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். நரி என்றால் பெரும்பாலும் சின்னக் குட்டியாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடும், இத்தனை ஆட்டைக் குதறாது. பக்கெட்டைத் தூக்கினால் தடத்தில் நகம் பளிச்சென்று தெரிந்தது. நாய். அதுவும் கூட்டமாக வந்த நாய்கள்.

பசியில்லாமல் ஏன் இத்தனையைக் கொல்லவேண்டும் என்று அன்று காலை முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அதற்குப் பதில் சொன்னது விலங்கியல் படிக்கும் தங்கை. ஓடுகிற இரை நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் துரத்துகிற புத்தி அடங்காதாம். காட்டில் ஒன்றைப் பிடிப்பதற்குள் மற்றவை தப்பிவிடும், பட்டிக்குள் தப்பிக்க வழியில்லை, அதனால் துரத்தல் முடிவதே இல்லை. ஹான்ஸ் குரூக் என்ற ஆய்வாளர் 1972லேயே இதைப் பற்றி விளக்கமாக எழுதியிருக்கிறாராம். அந்த நாய்களின் மேல் எனக்கிருந்த வெறுப்பு இதைக் கேட்டதும் போய்விட்டது என்றால் பொய். ஆனால் அதுவரை தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்த கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. அந்த நேரத்தில் அதுவே பெரிய உதவி.

பக்கத்துத் தோட்டத்து அக்காவுக்கு நன்றி சொல்லாமல் இந்தக் கடிதம் முடியாது. செத்த ஆட்டின் மேல் விஷம் தடவி வெளியே போட்டால் வந்தது நாயோ நரியோ எல்லாம் சேர்ந்து ஒழியும் என்று ஒருவர் டப்பாவோடு வந்து நின்றார். அவர் நல்லதென்று நினைத்துத்தான் வந்தார். எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர் தலையாட்டினார்கள். அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "அதைக் கழுகு தின்னும், என் வீட்டு நாய் தின்னும், மழை பெய்தால் ஓடையில் கலக்கும். அப்புறம் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?" என்று மட்டும் கேட்டார். டப்பா வந்த வழியே போய்விட்டது. செத்தவற்றை ஆழமாகக் குழிவெட்டிப் புதைத்தோம். குழி வெட்டிய தம்பிகளே, வெயிலில் பாறைமண்ணைக் கொத்தினீர்கள், ஒரு வாய்த் தண்ணீருக்குக்கூட எங்களைக் கூப்பிடவில்லை.

இன்னொருவரைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அவரே எழுதச் சொன்னார். தன் நாய்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தன என்று தெரிந்ததும், யாரும் கேட்பதற்கு முன்பே, வாயில் மயிர் ஒட்டியிருந்த நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து நின்றவர் அவர். பகலில் குழந்தைகளோடு விளையாடும் நாய் இரவில் நாலைந்தோடு சேர்ந்தால் வேறு பிராணி ஆகிவிடுகிறது. பெரியவர் சொன்னபோது நான் நம்பவில்லை, அந்த நாயைப் பார்த்தபிறகு நம்பினேன். ஐயா, இழப்புக்கு உங்களால் முடிந்ததைக் கொடுத்தீர்கள். அதைவிட, நீங்கள் வந்து உண்மையைச் சொன்னதால்தான் அந்த நாய்களைக் கட்டிப்போட்டு 10 நாள் கவனிக்க முடிந்தது. கடித்த நாய் 10 நாளுக்குப் பிறகும் நலமாக இருந்தால் கடித்த சமயத்தில் அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இல்லை என்று நிம்மதி அடையலாமாம். அது தெரியாமல் இருந்திருந்தால் அந்த நாட்களை எப்படித் தள்ளியிருப்போம் என்று தெரியவில்லை.

டாக்டரம்மா, நீங்கள் செய்ததைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். ஆடு வளர்க்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும். வந்ததும் நீங்கள் முதலில் ஆட்டைத் தொடவில்லை, எங்களைத்தான் பார்த்தீர்கள். கடிவாயைத் தொட்டவர்கள் எல்லோரையும் சோப்புப் போட்டு 15 நிமிடம் கை கழுவச் சொன்னீர்கள். கையில் கீறல் இருந்தவர்களை அன்றைக்கே ஊசிக்கு அனுப்பினீர்கள். பிறகுதான் ஆடுகள். வெளியே தெரிந்த காயம் சின்னதுதான். மயிரைக் கத்தரித்துப் பார்த்தால், கோரைப்பல் இறங்கிய ஓட்டைக்குக் கீழே தோல் சதையிலிருந்து கழன்று, உள்ளே ஒரு பை போல ஆகியிருந்தது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கலந்து, சிரிஞ்சில் ஏற்றி, உள்ளே இருந்த மண்ணும் மயிரும் வெளியே வரும்வரை அலசினீர்கள். தையல் போட்டு மூடிவிடுங்கள் என்று நாங்கள் கெஞ்சியதற்கு, "மூடினால் சீழ் உள்ளேயே தங்கும், திறந்திருக்கட்டும்" என்றீர்கள். வலிக்கு ஊசி, சீழ் பிடிக்காமலிருக்க ஊசி, தசைவிறைப்பு நோய்க்கு (டெட்டனஸ்) ஊசி, வெறிநாய்க்கடித் தடுப்பூசி என்று ஒவ்வொன்றாகப் போட்டீர்கள். ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும் என்று, கடிபட்டவற்றை நிழலில் தனியாகக் கட்டி, காலையும் மாலையும் காயத்தை விரித்துப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தோம். புழு வைக்கவில்லை.

தாய் செத்துப்போன குட்டிகளுக்காகத் தன் வெள்ளாட்டின் சீம்பாலைக் கறந்து கொண்டுவந்த அம்மா, பிறந்து சில மணி நேரமே ஆன குட்டிகள் அவை. அந்த முதல் மணி நேரங்களில் சீம்பால் கிடைக்காவிட்டால் பிறகு எந்தப் பாலும் அதற்கு ஈடாகாது. உங்கள் வீட்டுக் குட்டிக்குப் போக மீதி என்றுதான் சொன்னீர்கள். மீதி அவ்வளவு இருந்திருக்காது என்று எங்களுக்கும் தெரியும்.

பெரியவர் செய்த இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். குட்டியைப் பறிகொடுத்த ஒரு தாய் ஆடு, மடி கனத்து, கத்திக்கொண்டே பட்டியைச் சுற்றிவந்தது. அநாதைக் குட்டி ஒன்றைப் பக்கத்தில் விட்டால் முட்டித் தள்ளியது. நீங்கள் அதனுடைய செத்த குட்டியின் தோலை எடுத்து, நாலு கால் நுழைய ஓட்டை போட்டு, அநாதைக் குட்டிக்குச் சட்டையாகப் போட்டுவிட்டீர்கள். தோல் அதற்குப் பெரிது, தொங்கியது. தாய் வந்து வால்பக்கம் முகர்ந்தது. விலகிப் போனது. திரும்ப வந்து முகர்ந்து, தொண்டைக்குள் மெல்ல முனகியது. அப்புறம் காலை அகட்டி நின்றுவிட்டது. குட்டி வாலை ஆட்டிக்கொண்டு குடித்தது. அதுவரை வந்தவர்களை எல்லாம் வரவேற்று உட்காரவைத்துக்கொண்டிருந்த என் மனைவி, அதைப் பார்த்துத்தான் அழுதாள். நாற்றமெடுக்கும் முன்பே தோலைக் கழற்றிவிட்டோம். அதற்குள் குட்டி அதன் குட்டியாகவே ஆகிவிட்டது.

வெல்டிங் தம்பிக்கும் அவருடைய ஆட்களுக்கும். வேலி உயரம் போதும் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். நாய்கள் தாண்டி வரவில்லை, தோண்டிக்கொண்டு வந்திருக்கின்றன என்பதை அடிக்கம்பியில் சிக்கிய மயிரைக் காட்டி நிரூபித்தீர்கள். கம்பிவலையை வேலியின் அடியிலிருந்து வெளிப்பக்கமாகத் தரையில் படுக்கவைத்து, மண்ணையும் கல்லையும் போட்டு மூடினீர்கள். வேலியோரமாகத் தோண்ட வரும் மிருகம் வலைமேலேயே நின்றுகொண்டு தோண்டவேண்டும், இரண்டடி பின்னால் போய்த் தொடங்கலாம் என்ற யோசனை அதற்கு வராது. இவ்வளவு எளிதான வேலையை நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

விட்டுவிட்டு எரியும் விளக்குகளை மாட்டிக்கொடுத்த பள்ளிக்கூடப் பிள்ளைகளே, கென்யாவில் ரிச்சர்டு துரேரே என்ற மாசாய் இனச் சிறுவன் சிங்கங்களிடமிருந்து மாடுகளைக் காக்க இதேபோல விளக்கு செய்த கதையை நீங்கள் சொன்னபோது எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டோம். யாரோ டார்ச்சோடு நடமாடுவதுபோலத் தெரியவேண்டும் என்பதுதான் அந்தப் பையனின் யோசனை. மனிதரோடு பழகிய நாய் வெளிச்சத்துக்குப் பெரிதாகப் பயப்படாது என்பது என் எண்ணம். ஆனாலும் நரி இப்போது பட்டிப்பக்கம் தலைகாட்டுவதில்லை. சொன்னபடி விளக்குகளை அவ்வப்போது இடம் மாற்றி மாட்டுகிறோம், பழகிவிடக் கூடாதல்லவா.

காவல் நாய்க்குட்டி கொடுத்தவரே, அது நலம். நமீபியாவில் சிவிங்கிப்புலிகளைக் காப்பதற்காகவே 1994லிருந்து ஆட்டுக்காரர்களுக்குக் காவல் நாய் கொடுத்துவருகிறார்கள், ஆடு பிழைத்தால் புலியைச் சுட யாரும் துப்பாக்கி எடுப்பதில்லை என்று சொல்லித்தான் குட்டியை என் கையில் வைத்தீர்கள். நீங்கள் சொன்னதுபோல ஆட்டுக்குட்டிகளோடுதான் படுக்கிறது. வீட்டுக்குள் விடவில்லை. பிள்ளைகளுக்கு அதில் என்மேல் வருத்தம். ஒன்றரை, இரண்டு வயதாகாமல் காவலுக்கு எதிர்பார்க்காதே என்றீர்கள், எதிர்பார்க்கவில்லை. இப்போதைக்குக் கிடாவிடம் முட்டு வாங்கிக் கற்றுக்கொண்டிருக்கிறது.

இரவுக்காவலுக்கு முறை வைத்து வந்தவர்கள், தீவனம் அனுப்பியவர்கள், எடுத்த போட்டோக்களைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் அழித்தவர்கள், எல்லோருக்கும் நன்றி.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். அன்றைக்குக் கொண்டுவந்த சாமான்களில் மூன்று டார்ச், இரண்டு மண்வெட்டி, ஒரு நீலப் போர்வை, பிடி உடைந்த ஒரு பெரிய பக்கெட் எல்லாம் எங்களிடமே இருக்கின்றன. பக்கெட் உடைந்துதான் வந்ததா, இங்கே வந்து உடைந்ததா என்று தெரியவில்லை. எப்படியிருந்தாலும் புதிது வாங்கி வைத்திருக்கிறோம். உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வருவதென்றால் சாயங்காலம் வாருங்கள், குட்டிகள் பால்குடிக்கும் நேரம், அவற்றையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
பட்டிக்காரர் குடும்பம்