இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் நடை பழக ஒரு வார்டு வேண்டும்

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு மாவட்டத் தலைநகரில் இயன்முறை சிகிச்சை செய்கிறவள். இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடிந்து வீடு திரும்பியவர்களைப் பார்க்க வீடு வீடாகப் போகிறேன். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தால் இந்த அறுவை கூலி வேலை செய்கிற குடும்பங்களுக்கும் எட்டியிருக்கிறது. அதற்கு மனதார நன்றி. அறுவைக்குப் பிந்தைய இரண்டு வாரங்களுக்கும் ஒரு இடம் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் பார்க்கிறவர்களில் பலர் நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ டிஸ்சார்ஜ் ஆனவர்கள். அதற்குள் வாக்கரைப் பிடித்து வராந்தாவில் கொஞ்ச தூரம் நடந்திருப்பார்கள். நல்ல தொடக்கம்தான். ஆனால் வீட்டில் இருப்பது வாசலில் இரண்டு படி, அப்புறம் நிலைப்படி, தரையில் பாய், கொல்லையில் இந்தியன் டாய்லெட்.

ஒரு வீட்டில், அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர் சோற்றையும் தண்ணீரையும் குறைத்துக்கொண்டே வந்தார். கேட்டால் பசியில்லை என்றார். மருமகள் அந்தப் பக்கம் போனதும்தான் சொன்னார்: "குந்த முடியல கண்ணு. ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிடணும்." பின்பக்கமாகத் திறந்து மூட்டு வைத்தவர்கள் முதல் சில வாரங்களுக்கு இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது, மீறினால் மூட்டு நழுவலாம். அவருடைய டிஸ்சார்ஜ் சீட்டில் 'குந்தக் கூடாது' என்று ஒரு வரி இருந்தது. வேறு எப்படிப் போவது என்று அதில் இல்லை. கமோடு நாற்காலி வந்த பிறகுதான் வயிறாரச் சாப்பிட்டார்.

உள்நோயாளியாக வைத்துத் தரும் மறுவாழ்வு சிகிச்சை என்றால் படுக்க வைத்துப் பார்த்துக்கொள்வது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, நோயாளி உழைக்க வேண்டிய இடம் அது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட வார்டுகளில் நாளுக்கு மூன்று மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் பயிற்சி என்பது வழக்கமான அளவு. வலி மாத்திரை வேலை செய்யும் நேரம் பார்த்துத் தொடங்குவோம். கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது, தொடைத் தசையை இறுக்குவது, நின்றபடி காலைப் பக்கவாட்டில் தூக்குவது, அப்புறம் நடை. படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது அறுவை செய்த கால் முன்னே. இதை வாயால் சொன்னால் பத்தாது. பயம் விலகும்வரை கூடவே நின்று ஏற்றி இறக்க வேண்டும். குனியாமல் உடுத்துவது, ஆட்டோவின் தாழ்ந்த சீட்டில் உட்காராமல் இருப்பது எல்லாவற்றையும் கூட இருக்கும் மகனோ மகளோ சேர்ந்தே கற்றுக்கொள்வார்கள்.

இன்னொன்று, ரத்தக்கட்டி: அறுவைக்குப் பிறகு காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து, அது நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவர் பார்க்க வேண்டும். வார்டு என்றால் நர்ஸ் கண்ணில் படும். வீட்டில், நடந்ததால் வந்த வலி என்று எண்ணெய் போட்டு நீவிவிடுகிறார்கள். அப்படி நீவிய காலைப் பார்த்து எனக்கு நெஞ்சு பதறியிருக்கிறது.

எல்லோருக்கும் வார்டு தேவைப்படாது. துணைக்கு ஆளும் தோதான வீடும் இருந்தால் வீட்டிலேயே தேறிவிடலாம். தனியாக வாழ்கிற முதியவர்கள், விழுந்து எலும்பு முறிந்து அவசரமாக மூட்டு மாற்றியவர்கள், இவர்களுக்குத்தான் கேட்கிறேன். வேலூர் சி.எம்.சி. 1966-லேயே மறுவாழ்வுக்கென்று தனி நிலையம் தொடங்கியது. அரசுக்கும் சென்னை கே.கே.நகரில் மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. கிண்டியில் 2024-இல் முதியோருக்கான மருத்துவமனை திறந்தாயிற்று. ராமநாதபுரத்தில் மூட்டு மாற்றியவர் அவ்வளவு தூரம் எப்படி வருவார்? 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே இயன்முறை சிகிச்சையைக் கொண்டுவருவது பெரிய காரியம். ஆனால் முதல் இரண்டு வாரம் தினமும் ஆள் வேண்டும்.

ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் பத்துப் படுக்கை, பிடித்து நடக்கக் கம்பிகள், பழகுவதற்கு நாலு படி, முழுநேர இயன்முறை சிகிச்சையாளர்கள் வேண்டும். அந்த நாட்களுக்கான செலவையும் காப்பீட்டில் சேருங்கள். வாக்கரும் கமோடு நாற்காலியும் இரவலாகக் கொடுத்து, பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வார்டு வர நாளாகும், தெரியும். அதுவரை, டிஸ்சார்ஜ் எழுதும் முன் "உங்கள் வீட்டில் டாய்லெட் எப்படி, வாசலில் எத்தனை படி, பகலில் கூட யார் இருப்பார்கள்?" என்று கேட்டுச் சீட்டில் குறிக்க வேண்டும் என ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை சிகிச்சையாளர்