செவலை குட்டி போட்டிருக்கு, ஆனா இப்ப தர மாட்டேன்

அடியே கவி,

பதிலே போடலன்னு திட்டாத. இங்க மாங்கா சீசன், காவேரிப்பட்டணம் ரோடு முழுக்க லோடுதான், பெங்களூரா மாங்கா கிலோ என்ன விலைக்குப் போகுதுன்னு சொன்னா நீயே அழுதுடுவ, அதுல நம்ம பெருமாளண்ணன் வழக்கம்போல கரெக்டா அறுப்பு அன்னைக்கு லீவு. அம்மா நல்லாருக்காங்க. சரி அத விடு.

நம்ம நாய் செவலை அஞ்சு குட்டி போட்டிருக்குது. நெத்தியில நாமம் போட்டது உனக்கு, பாத்ததுமே பி.டி. மாஸ்டர்னு பேரே வச்சாச்சு. ஆனா இப்ப அனுப்ப மாட்டேன்டி, கோச்சுக்காத, காரணம் இருக்கு.

நாலாவது வாரத்து பூச்சி மருந்து ஊத்தினதுக்கு மறுநாள் எல்லாத்துக்கும் வெளிக்குப் போச்சு பாரு, வெள்ளை வெள்ளையா சேமியா மாதிரி சுருண்டு, சிலது உயிரோட நெளியுது. எங்க மாமியார் உடனே, பால்ல சர்க்கரை கலந்தீங்க அதான்னு ஆரம்பிச்சுட்டாங்க. நான் மாட்டாஸ்பத்திரி டாக்டர்கிட்டயே கேட்டேன், சார் இன்னும் வாசலே தாண்டாத குட்டிங்க, எங்கிருந்து சார் வந்துச்சு? தாய் வயித்துலயேன்னாரு. தாயோட சதைக்குள்ள இந்த உருண்டைப் புழுவோட குஞ்சுங்க வருஷக்கணக்கா தூங்குமாம், சினை ஆனதும் முழிச்சு நேரா கருவுல இருக்குற குட்டிக்குப் போயிடுமாம், மிச்சம் மீதி தாய்ப்பால்ல. தாய்க்கு நாம குடுக்குற சாதா மாத்திரை குடல்ல இருக்குறதத்தான் கொல்லும், தூங்குறத தொடாதாம். குட்டிக்குள்ள போனது ஈரல், நுரையீரல்னு சுத்திட்டு தொண்டை வழியா ஏறி, இருமி முழுங்கி, திரும்ப குடலுக்கே வருது, என்ன ஒரு திமிரு பாரு! பூனைக்கு மட்டும் வயித்துல தொத்தாதாம், பால்லதான்.

இப்ப சீரியஸா கேளு. உன் சின்னப் புள்ள இன்னும் மண்ணு திங்குதில்ல? ஒரு பெட்டைப் புழு ஒரு நாளைக்கு லட்சம் முட்டை வரைக்கும் போடுமாம். புதுசா போன கழிசல்ல ஆபத்து இல்ல, மண்ணுல ரெண்டு மூணு வாரம் கிடந்தாதான் அந்த முட்டை தொத்துற பக்குவத்துக்கு வரும், அதனாலதான் அன்னன்னைக்கே அள்ளிப் போடச் சொல்றாங்க. விட்டா வருஷக்கணக்குல மண்ணுல கிடக்கும், பினாயிலுக்கெல்லாம் சாவாது. மனுசனுக்குள்ள போனா பெரிய புழுவா வளராது, குஞ்சாவே ஈரல், நுரையீரல், கண்ணுன்னு அலையும். 1950ல அமெரிக்காவுல ஹெலனார் வைல்டர்ன்னு கண்ணு நோய் ஆராய்ச்சி பண்ற ஒரு அம்மா, ஆபரேஷன்ல எடுத்துட்ட கண்ணுங்க 46ஐ சோதிச்சா 24ல புழு. அதுல பலது புத்துநோயோன்னு பயந்து எடுத்த பிள்ளைங்க கண்ணுடி. படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறல. கண்ணு வரைக்கும் போறது அபூர்வம்தான், அதுக்காக நாயே வேணாம்னு சொல்லல, உங்க மாமனார் மாதிரி ஆரம்பிக்காத.

ரெண்டு வாரத்துல தொடங்கி எட்டு வாரம் வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா எடை பாத்து பைரன்டெல்ங்கற பூச்சி மருந்து சிரப், அது என் பொறுப்பு. அப்புறம் ஆறு மாசம் வரைக்கும் மாசாமாசம் உன் பொறுப்பு. போன்ல அலாரம் வை, உன் ஞாபகசக்தி எனக்குத் தெரியும். மண்ணுல விளையாடினா சோப்பு போட்டு கை கழுவ வை, உன் வீட்டுக்காரர் குட்டி மூஞ்சியோட மூஞ்சி வச்சு கொஞ்சுவாரே, அதுக்கு தடா.

எட்டு வாரம் முடிஞ்சதும் பஸ்ஸுல வராத, கார் எடுத்துட்டு வா, ரெண்டு கூடை மாங்காயும் ஏத்தி விடுறேன், இந்த விலைக்கு விக்கிறதுக்கு உனக்கே குடுத்துடலாம்.

உன்
செல்வி