முதலில் அந்த வரிசையைக் கலை, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சாயங்காலம் பிள்ளைகளைச் சேர்த்து வாலிபால் சொல்லிக்கொடுக்கிறாய் என்று அக்கா சொன்னதும் வந்து பார்த்தேன். நல்ல காரியம். ஆனால் ஒரே பந்து, அதற்குப் பின்னால் நீளமாக ஒரு வரிசை. ஒருவன் பாஸ் எடுக்கிறான், மற்றவர்கள் தென்னங்கீற்றைக் கிழித்துக்கொண்டு நிற்கிறார்கள். நிற்கிற பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆளுக்கொரு மூலையில் விடு. பந்துக்கு எங்கே போவது என்பாய். திருவிழாக் கடை பிளாஸ்டிக் பந்தே போதும். நிஜப் பந்து 260 முதல் 280 கிராம் வரை இருக்கும். பத்து வயதுக் கையில் நாலு தடவை பட்டால் சிவந்துவிடும், மறுநாள் வயிற்றுவலி என்று வீட்டிலேயே இருந்துவிடுவான். லேசான பந்து மெதுவாக இறங்கும், அடியில் போய் நிற்க நேரம் கிடைக்கும்.

அப்புறம் வலை. ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 என்பதெல்லாம் பெரியவர்கள் கணக்கு. 1895-ல் அமெரிக்காவின் ஹோலியோக்கில் வில்லியம் மோர்கன் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது வலை ஆறரை அடிதான். அதுவும் நடுத்தர வயதுக்காரர்களுக்கு! ஒரு பக்கம் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஆடலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் தட்டலாம். நீ மட்டும் ஏன் இத்தனை கறார்? இரண்டு தென்னைக்கு நடுவே கயிறு கட்டு. பிள்ளை நின்றபடி கையைத் தூக்கினால் விரல் கயிற்றுக்கு மேலே தெரியட்டும்.

பக்கத்துக்கு மூன்று பேர். தரையில் ஒரு தடவை குத்தி எழும்பினாலும் எடுக்கலாம் என்று வைத்துக்கொள். பாயிண்ட் வேண்டாம், இரண்டு பக்கமும் சேர்ந்து, பந்து கயிற்றை எத்தனை தடவை தாண்டியது என்று எண்ணட்டும். பந்து மேலேயே இருந்தால்தான் இந்த ஆட்டத்தில் குஷி. கொஞ்ச நாளில் அவர்களே 'குத்து வேண்டாம் சார்' என்பார்கள். கூப்பிடவும் பழக்கு. ஒருத்தி 'நான்' என்பாள், இன்னொருத்தி மலையாளத்தில் 'ஞான்' என்பாள், இரண்டு பேரும் மோதிக்கொள்வார்கள். நம்ம ஊரில் அது கூடுதல் வேடிக்கை.

பாஸ் எடுக்கும்போது எல்லாரும் கையை வீசுகிறார்கள், கவனித்தாயா? 'வீசாதே' என்று கத்திப் பயனில்லை. கட்டைவிரல் இரண்டும் ஒட்டி, முழங்கை நீட்டி, மணிக்கட்டுக்குச் சற்று மேலே பந்தை வாங்கி, தட்டாமல் அப்படியே உருட்டி நண்பன் கைக்கு மாற்றும் ரிலே ஓட்டம் வை. கை சமமாக இல்லாவிட்டால் பந்து விழும். முழங்கால் தானாக மடங்கும். சிரித்துக்கொண்டே கை பழகிவிடும்.

சர்வீஸுக்கு 9 மீட்டர் கோடு இப்போது வேண்டாம். பாதி தூரத்தில் நின்று கீழ்க்கையால் தட்டட்டும். எதிர்ப்பக்கம் பழைய சைக்கிள் டயர் ஒன்றைப் போடு. டயருக்குள் விழுந்தால் ஓரடி பின்னால் போகலாம். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் கிழக்குக் காற்று பந்தை இழுத்துக்கொண்டு போகும். அப்போது காற்றை எதிர்த்து ஒரு முறை, காற்றோடு ஒரு முறை தட்டச் சொல். எங்கே விழும் என்று முன்கூட்டியே பந்தயம் கட்டட்டும்.

இடையிடையே நம் நாட்டு வாலிபால் வீரர் ஜிம்மி ஜார்ஜ் கதையையும் சொல். கண்ணூர் மாவட்டம் பேராவூரில் எட்டு அண்ணன் தம்பிகளும் வாலிபால் ஆடிய வீடு அது. இத்தாலி கிளப்புக்குப் போய் ஆடியவர், 1987-ல் அங்கேயே கார் விபத்தில் போய்விட்டார்.

சர்வீஸ் தவறினால் கிரவுண்டைச் சுற்றி ஓடவிடுகிறாயே, அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. அடுத்த சர்வீஸை அவன் பயந்து பயந்து தட்டுகிறான். ஓட்டம் வேண்டுமென்றால் எல்லாரையும் பந்தோடு ஓட்டு.

என்னிடம் பழைய பந்து மூன்று கிடக்கிறது. வேலந்தாவளம் பக்கம் வந்தால் எடுத்துக்கொண்டு போ. பம்ப் இருக்கிறது, ஊசியைத்தான் காணோம். நீ ஒன்று வாங்கி வா.

அன்புடன்,
மாமா