பட்டாளத்துக்காரனுக்குப் பட்டறைக்காரன் எழுதுவது

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விட்டுக்கொள். பட்டாளத்தில் இருந்தவன் டாக்டர் பேச்சைக் கேட்கமாட்டான் என்று உன் வீட்டம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்திக்கு விடுமுறை, ஆகவே என் மேஜை இப்போது என்னுடையது இல்லை. இதை எழுதுவதே அவள் தூங்கும் நேரத்தில்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போர்க்காலத்தில் சிப்பாயும் தொழிலாளியும் ஒன்றாக நின்றார்கள் என்பதெல்லாம் சுவரொட்டிக் கதை என்று போன கடிதத்தில் ஒரே வரியில் தள்ளிவிட்டாய். நீ உடுப்புப் போட்டவன், நான் வேலைக்காலம் முழுக்க இன்ஸ்பெக்‌ஷனில் கேஜ் என்ற அளவுக் கருவியைப் பிடித்தவன். பதில் எழுதாமல் விட மனசு வரவில்லை. நீ பேச்சை எடுத்தது முதல் உலகப்போர் பிரிட்டனை வைத்து. நானும் அங்கேயே நிற்கிறேன்.

நீ சொல்வதில் பாதி சரி. சிப்பாய்க்கு அப்போது அடிப்படைச் சம்பளம் நாளைக்கு ஒரு ஷில்லிங். பட்டறையில் இருந்தவன் ஓவர்டைமும் சேர்த்து அதைப்போலப் பல மடங்கு வாங்கினான், வேலை முடிந்தால் தன் கட்டிலில் போய்ப் படுத்தான். லீவில் வந்தவனுக்கு வயிறு எரியத்தான் செய்யும். 1917 மே மாதம் இன்ஜினீயரிங் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். கைத்தேர்ச்சி உள்ளவர்களைப் பட்டாளத்துக்கு இழுக்காமல் காத்த ஏற்பாட்டை அரசு ரத்து செய்யப் போனது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பதுங்குகுழியில் சேற்றில் நின்றவன் காதில் இது எப்படி விழுந்திருக்கும்? ‘நான் மட்டும் சாகலாமா’ என்றுதான்.

ஆனால் மறுபக்கத்தையும் பார். 1915 ஆயுதத் தளவாடச் சட்டம் வந்தபிறகு ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தமே சட்டவிரோதம். முதலாளி விடுவிப்புச் சீட்டுக் கொடுக்காமல் வேறு இடத்துக்குப் போனால் ஆறு வாரம் யாரும் வேலை தரக் கூடாது. இவனும் ஒரு வகையில் பட்டாளத்துக்குள்தான் இருந்தான், உடுப்பு மட்டும் இல்லை. அந்த உடுப்பு இல்லாததுதான் பெரிய தொல்லை. தெருவில் சாதாரண உடையில் போகும் வாலிபன் கையில் கோழை என்று சொல்லாமல் சொல்லி வெள்ளை இறகைத் திணித்தார்கள் அல்லவா? அதற்காகவே ‘போர்ப் பணியில் இருப்பவர்’ என்று பேட்ஜ் அடித்துக் கொடுக்கவேண்டி வந்தது.

என் தொழிலோடு சேர்ந்த விஷயத்துக்கு வருகிறேன், இதில் கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள். 1915 மே மாதம் பீரங்கிக் குண்டுப் பஞ்சம் பத்திரிகையில் வெடித்தது. புதிதாக ஒரு அமைச்சகம், லாயிட் ஜார்ஜ் அதற்கு அமைச்சர். அதற்குமுன் குண்டே செய்து பார்த்திராத பட்டறைகளெல்லாம் குண்டு செய்ய இறங்கின. மறு வருஷம் பிரான்சில் நடந்த சோம் போருக்கு முன்னால் ஒரு வாரம் 15 லட்சத்துக்கும் மேல் குண்டுகள் பொழிந்தார்கள். அதில் கணிசமானவை வெடிக்கவே இல்லை. குண்டை வெடிக்கவைக்கும் ஃபியூஸ் சரியில்லை, அவசரத்தில் சோதனையும் தளர்ந்திருந்தது. பிரான்சில் இன்றைக்கும் உழவர்கள் அவற்றை நிலத்திலிருந்து தோண்டி எடுக்கிறார்கள். குண்டு போட்டாகிவிட்டது, எதிரியின் முள்கம்பி அறுந்திருக்கும் என்று நம்பித்தான் 1916 ஜூலை 1 காலை சிப்பாய்கள் பதுங்குகுழியிலிருந்து மேலேறிப் போனார்கள். அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் 19,000-க்கும் மேல். எல்லாம் மோசமான குண்டால்தான் என்று சொல்லவில்லை, கம்பியை அறுக்க எடுத்த குண்டு வகையும் திட்டமும்கூடத் தவறு. ஆனாலும் கேஜில் சேராத ஒரு பீஸை ‘போகட்டும்’ என்று தள்ளிவிடுவதன் அர்த்தம் எனக்கு இதில் தெரிகிறது. முன்னால் நிற்பவனுக்காகப் பின்னால் இருப்பவன் செய்யக்கூடியது கோஷம் போடுவது இல்லை, ரிஜெக்ட் பண்ணவேண்டியதை ரிஜெக்ட் பண்ணுவது. உனக்கு இது சின்ன விஷயமாகத் தெரிந்தால் நாம் நேரில் சண்டை போடலாம்.

அப்புறம் அந்தப் பெண்கள். குண்டுக்குள் டி.என்.டி. என்ற வெடிமருந்து அடைத்தவர்களுக்குத் தோலும் முடியும் மஞ்சளாகிவிடும், ‘கானரி’ என்று ஒரு மஞ்சள் குருவியின் பேரையே வைத்துவிட்டார்கள். கல்லீரல் கெட்டு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். சம்பளமோ ஆண்களைவிடக் குறைவு. லீட்ஸ் பக்கத்தில் பார்ன்போ என்ற இடத்தில் குண்டு நிரப்பும் தொழிற்சாலை. தீப்பொறி வரக்கூடாது என்று தலையில் ஹேர்பின்கூட வைக்கவிடமாட்டார்கள். விஷம் முறியப் பால் கொடுக்க வேண்டும் என்று தொழிற்சாலையே பசு மாடு வளர்த்தது. 1916 டிசம்பர் 5 இரவு ஷிஃப்டில், ஃபியூஸ் பொருத்தி மூடி திருகும் அறையில் குண்டு வெடித்து 35 பெண்கள் இறந்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே அதே அறையில் வேலை செய்ய மற்றப் பெண்கள் தாங்களாக முன்வந்தார்களாம். தணிக்கை இருந்ததால் இந்தச் செய்தி முழு விவரத்தோடு பத்திரிகையில் வரவில்லை. எனக்கு இதுதான் உறுத்துகிறது. சிப்பாய்க்கும் தொழிலாளிக்கும் நடுவில் இருந்த கசப்பில் பாதி, ஒருவர் பட்ட பாடு இன்னொருவருக்குத் தெரியாமல் வைத்ததால் வந்தது. பதுங்குகுழியில் இருந்தவனுக்கு அந்த 35 பேரின் சாவு தெரிந்திருந்தால், ‘கட்டிலில் படுத்தவர்கள்’ என்று எல்லோரையும் ஒரே கட்டாகக் கட்டியிருப்பானா?

பாடு தெரிந்த இடத்தில் கதையே வேறு. பிரெஸ்டன் ஊரில் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் சாப்பாட்டு இடைவேளையில் கால்பந்து ஆடிப் பழகினார்கள். 1917 கிறிஸ்துமஸ் அன்று டீப்டேல் மைதானத்தில் வேறொரு பட்டறைப் பெண்களோடு ஆட்டம் வைத்தார்கள், 10,000 பேர் வந்தார்கள். அதில் திரட்டிய பணம் அதே ஊரில் காயம்பட்ட சிப்பாய்கள் கிடந்த ஆஸ்பத்திரிக்கு. இது அரசாங்கம் சொல்லிச் செய்ததில்லை. பெண்கள் ஆட்டம் இப்படிக் கூட்டம் சேர்ப்பது பொறுக்காமல் 1921-ல் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களில் அவர்களை ஆடவிடாமல் தடுத்தது, அது தனிக் கதை.

அடுத்த போரில், அதாவது இரண்டாம் உலகப்போரில், இது திருந்தியதா என்று நீ கேட்பாய். 1943 டிசம்பரிலிருந்து பிரிட்டனில் பட்டாளத்துக்கு அழைக்கப்பட்ட வாலிபர்களில் பத்தில் ஒருவனை, பதிவு எண்ணின் கடைசி இலக்கத்தைக் குலுக்கிப் பார்த்து, நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். தொழிலாளர் அமைச்சர் பெவின் பேரால் பெவின் பையன்கள். சுமார் 48,000 பேர். உடுப்பும் இல்லை, மெடலும் இல்லை, தெருவில் ‘ஓடிப்போனவனா’ என்று ஏச்சு மட்டும். அரசு ஒரு பேட்ஜ் கொடுத்தது 2008-ல். பட்டாளத்துக்குப் போகத் தயாராக இருந்தவனையே சீட்டுக் குலுக்கிச் சுரங்கத்துக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் அவனையே சந்தேகப்படுவது என்ன நியாயம், நீயே சொல்.

எனக்கு ஒன்று கேட்கவேண்டும். நீ சர்வீஸில் இருந்த காலத்தில் கையிலிருந்த சாமானை எவன் செய்தான் என்று ஒரு நாளாவது யோசித்ததுண்டா? உண்மையை எழுது, ‘இல்லை’ என்றாலும் கோபப்படமாட்டேன். கண் நன்றாக ஆறியபிறகு எழுதினால் போதும். அதுவரை பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேள்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் பழைய பட்டறைக்காரன்