எஞ்சினைப் பிரிக்கும் முன் கியரைக் கணக்குப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பழைய காருக்குப் பவர் ஏற்றுவது பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். கேம் ஷாஃப்ட் (எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), எக்ஸாஸ்ட், ஹெட் வேலை (வால்வு இருக்கும் எஞ்சின் மேல்பாகத்தைச் செதுக்குவது), ஏர் ஃபில்டர் என்று எல்லாம் இருந்தது, கியர் பாக்ஸ் என்ற வார்த்தையை மட்டும் இரண்டு தடவை தேடியும் காணோம். அதைப் படித்துவிட்டு எத்தனை பையன்கள் திங்கட்கிழமை காலையில் ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நின்றார்களோ தெரியவில்லை. எங்கள் வீட்டுப் பையன் ஒருவன் ஏற்கெனவே நின்றுவிட்டு வந்தவன் என்பதால்தான் எழுதுகிறேன்.

என் தங்கை மகன் பொள்ளாச்சியில் இருக்கிறான். பழைய 1300 சிசி பெட்ரோல் கார் ஒன்று வைத்திருக்கிறான். ஒரு ஒர்க்‌ஷாப்பில் 80 ஆயிரம் செலவு செய்து பெரிய கேம் போட்டு, ஹெட்டைச் செதுக்கி, சைலன்சரையும் மாற்றிக்கொண்டு வந்தான். சத்தம் என்னவோ பிரமாதம். அந்த வாரமே வால்பாறைக்குக் கிளப்பினான். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு, எல்லாருக்கும் தெரியும். ஒன்பதாவது வளைவிலேயே எனக்குப் போன்: "மாமா, வண்டி ஏறவே மாட்டேங்குதுங்க. செகண்ட்ல போட்டா திணறுது, ஃபர்ஸ்ட்ல போட்டா கத்துது."

கார் கெட்டுப்போகவில்லை, மாப்பிள்ளை போட்ட கணக்குதான் தப்பு. அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன், எண்கள் வந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பெரிய கேம் வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும். மேல் ரெவ்வில், அதாவது எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது, அது நல்லது, எஞ்சின் நன்றாக மூச்சு விடும். கீழ் ரெவ்வில் உள்ளே வந்த காற்றும் பெட்ரோலும் வந்த வழியே திரும்பிப் போகும், இழுவை செத்துவிடும். அவன் போட்ட கேம் சுமார் 4,500 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) மேல்தான் விழிக்கிறது. சரி, அப்புறம் கியரைப் பாருங்கள். கியர் எண் என்றால், எஞ்சின் எத்தனை சுற்று சுற்றினால் கியர் பாக்ஸிலிருந்து ஒரு சுற்று வெளியே வரும் என்பது. உதாரணத்துக்கு முதல் கியர் 3.5, இரண்டாவது 1.9, மூன்றாவது 1.28, நான்காவது 0.95, ஐந்தாவது 0.75 என்று வைத்துக்கொள்வோம், ஃபைனல் டிரைவ், அதாவது கியர் பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் கடைசிப் பல் சக்கர ஜோடி, 4.0. சாதாரண சிறிய காருக்கு இது பழக்கமான அமைப்புதான். டயர் 195/55 ஆர்15, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.87 மீட்டர் ஓடும். கியரையும் ஃபைனல் டிரைவையும் பெருக்கினால் முதல் கியரில் 14, இரண்டாவதில் 7.6; சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் அத்தனை சுற்று சுற்ற வேண்டும். வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும்போது எஞ்சின் இரண்டாவது கியரில் 1,355 ஆர்பிஎம், முதல் கியரில் 2,500. இரண்டுமே அந்தக் கேமுக்குத் தூக்க நேரம். அது விழிக்க வேண்டுமானால் முதல் கியரில் 36 கிலோமீட்டர், இரண்டாவதில் 66 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ஆழியாறு மலைப்பாதையில் 66-ல் வளைவு திரும்புகிற ஆள் இருந்தால் அவரை நான் பார்க்க வேண்டாம்.

சமதரையில் மட்டும் சுகமா என்றால் அதுவும் இல்லை. முதல் கியரில் 6,500 வரை மிதித்து இரண்டாவதுக்கு மாற்றினால் ரெவ் 3,530-க்கு விழுகிறது. திரும்பத் தூக்கத்துக்குப் போய்விட்டது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினால் 4,380, அதுவும் விளிம்புதான். மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போதுதான் 4,820-ல் இறங்குகிறது, அதாவது மணிக்கு 140-ஐத் தாண்டியபின். அந்த வேகத்தில் போக ரோடு எங்கே இருக்கிறது, போகவும் கூடாது.

கம்பெனிக்காரன் முட்டாளில்லை. வீட்டு ஆள் அஞ்சு பேரையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு மேட்டில் கிளம்ப முதல் கியர், சேலம் ரோட்டில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க ஐந்தாவது, நடுவில் மிச்சத்தைப் பரப்பி வைத்திருக்கிறான். கீழிருந்தே இழுக்கிற எஞ்சினுக்குச் செய்த கியர் அது. எஞ்சினின் குணத்தை மாற்றிவிட்டு கியரை அப்படியே விட்டால் இரண்டுக்கும் பேச்சு வார்த்தை நின்றுவிடும்.

இங்கேதான் ஒர்க்‌ஷாப்பில் அடுத்த வைத்தியம் சொன்னார்கள்: ஃபைனல் டிரைவை, பழைய ஆட்கள் கிரவுன் பினியன் என்பார்களே அதை, 4.5 ஆக்கிவிடலாம் என்று. இதைத்தான் நிறைய பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அதை மாற்றினால் எல்லா கியரும் ஒரே அளவில் எட்டில் ஒரு பங்கு கூடும், இழுவை கூடும், உண்மை. ஆனால் கியருக்கும் கியருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ஒரு துளிகூட மாறாது. 6,500-லிருந்து மாற்றினால் அதே 3,530-க்குத்தான் விழும். கூடவே ஐந்தாவது கியரில் 100-ல் போகும்போது 2,675 ஆர்பிஎம் ஓடிய எஞ்சின் 3,000 ஓடும், பெருந்துறை போய்ச் சேர்வதற்குள் காது வலிக்கும். இடைவெளியை நெருக்க வேண்டுமானால் கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பல் சக்கரங்களையே மாற்ற வேண்டும். முதல் கியர் 2.9, இரண்டாவது 2.05 என்று வைத்தால் 6,500-லிருந்து 4,600-ல் போய் நிற்கும், கேம் தூங்காது. ஆனால் 2.9-ஐ வைத்துக்கொண்டு மேட்டில் நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள், கிளட்ச் பிளேட் கருகும் வாசனை பின்னால் வருகிற வண்டிக்கும் அடிக்கும். கார் ரேஸ் நடக்கும் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓட்டுகிறவருக்கு அது கவலையில்லை, ஒரு தடவை கிளம்பினால் அப்புறம் நிற்பதே இல்லை. காந்திபுரம் சிக்னலில் நிற்கிறவருக்குத்தான் கஷ்டம்.

நான் மில்லில் ஃபிட்டராக இருந்தவன். நூல் நூற்கும் ரிங் ஃப்ரேமில் 40-ஆம் நம்பர் நூலிலிருந்து 60-க்கு மாறச் சொன்னால் மோட்டாரில் கை வைக்க மாட்டோம், சேஞ்ச் வீல் என்கிற பல் சக்கரத்தைத்தான் மாற்றுவோம். எந்த நூல் வேண்டும் என்று முதலில் கேட்போம், பல் எண்ணிக்கை அதற்கப்புறம் வரும். போர்வெல் வைத்திருக்கும் விவசாயிக்கும் இது தெரியும். அதே 5 எச்பி மோட்டார்தான், ஸ்டேஜ், அதாவது பம்புக்குள் இருக்கும் சுழல் தட்டுகளை, கூட்டினால் ஆழத்திலிருந்து தண்ணீர் ஏறும், அளவு குறையும், ஸ்டேஜ் குறைத்தால் தண்ணீர் கொட்டும், ஆனால் ஆழத்திலிருந்து ஏறாது. கிணற்று ஆழம் கேட்காமல் பம்பு விற்கிற கடை எங்கள் ஊரில் ஒரு வாரம் தாங்காது. கார் என்று வந்தால் மட்டும் யாரும் ரோட்டைக் கேட்பதில்லை.

டயரையும் மறக்காதீர்கள். பார்க்க நன்றாக இருக்கிறது என்று 205/60 ஆர்15 மாட்டினால் விட்டம் 5 சதவீதம் கூடும். அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் பணம் கொடுத்து வாங்கிய 4.5 ஃபைனல் டிரைவ் 4.27 மாதிரி நடக்கும், மீட்டரில் 95 காட்டும்போது வண்டி 100-ல் போய்க்கொண்டிருக்கும்.

இன்னொன்றையும் உங்கள் கட்டுரை விட்டுவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்சி புத்தகத்தில் இருக்கும் தயாரிப்பு விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது, எஞ்சினையே மாற்றுவதாக இருந்தால் ஆர்டிஓ அனுமதி வேண்டும். அதை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போட்டிருக்கலாம்.

மாப்பிள்ளை இப்போது கம்பெனிக் கேமையே திரும்பப் போட்டுவிட்டான். ஹெட் வேலையை மட்டும் வைத்துக்கொண்டான், ஃபைனல் டிரைவைத் தொடவில்லை. போன வாரம் வால்பாறை போய் வந்தான், போன் வரவில்லை. பெரிய கேம் பரணில் இருக்கிறது.

அடுத்த வாரம் இரண்டாம் பாகம் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் ஒரு கியர் அட்டவணை போடுங்கள். டயர் அளவுக்குப் புத்தகத்தைப் பார்க்க வேண்டாம் என்றும் எழுதுங்கள், ஆள் ஏறினால் டயர் கொஞ்சம் அமுங்கும், கணக்கு மாறும். ஓட்டுகிறவரை உட்கார வைத்து, சரியான காற்றடித்து, டயரிலும் தரையிலும் சாக்பீஸில் ஒரு கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்று தள்ளி டேப் பிடித்தால் போதும்.

இப்படிக்கு,
முன்னாள் மில் ஃபிட்டர்,
சிங்காநல்லூர், கோவை.