வண்ண மீன் கடை அண்ணன்களுக்கு: கோல்ட் ஃபிஷ்ஷைத் தீனி என்று விற்காதீர்கள்

கடை நடத்தும் அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம்.

ஆஸ்கர், அரோவானா, ஃப்ளவர்ஹார்ன் என்று வேட்டை மீன் விற்கிற கடைகளுக்குத்தான் இந்த மடல். கப்பியும் மொல்லியும் மட்டும் விற்கிறவர்களுக்கு இதில் வேலை இல்லை, மன்னிக்கவும். கடையின் பின்பக்கத் தொட்டியில் விரல் நீளக் கோல்ட் ஃபிஷ்கள் நெருக்கியடித்துக் கிடக்கும், வலையால் அள்ளி கவரில் போட்டு 'ஃபீடர்' என்று கொடுப்பீர்கள். உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. போன வாரம் என் அக்கா மகனின் ஆஸ்கர் செத்துப்போனதால்தான் எழுதுகிறேன்.

பையன் ஒன்பதாவது படிக்கிறான். மீன் வாங்கும்போதே கடையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், "இது வேட்டை மீன் தம்பி, பெல்லட்டெல்லாம் (காய்ந்த உருண்டைத் தீனி) தொடாது, உயிர் மீன்தான் போடணும்" என்று. அவனும் கைச்செலவுக் காசை மிச்சம் பிடித்து வாராவாரம் ஃபீடர் வாங்கிப் போட்டான். மாதக்கணக்கில் அந்த ஆஸ்கர் கோல்ட் ஃபிஷ் தவிர வேறு எதையும் தின்றதில்லை. கடைசியில் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. நேராக நிற்க முடியாமல் சுற்றிச் சுற்றி வந்து கண்ணாடியில் முட்டும். மூக்குக்கு முன்னால் போகிற மீனைக் கவ்வப் பாயும், குறி தவறி வெறும் தண்ணீரைக் கடிக்கும், மறுபடி பாயும். பசியோடு இருக்கிற மீனுக்கு இரையைப் பிடிக்க முடியவில்லை. இவன் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அதே கடைக்கு ஓடினான். கிடைத்த ஆலோசனை: "தீனி பத்தலை தம்பி, இன்னும் ரெண்டு பாக்கெட் ஃபீடர் போடு."

அண்ணே, இதைக் கேட்டுச் சிரிக்கவா அழவா?

கோல்ட் ஃபிஷ் கெண்டைக் குடும்பத்து மீன். அதன் உடம்பில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது, அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். எப்போதாவது ஒன்று தின்றால் பெரிய கெடுதல் இல்லை. அதையே முழு நேரச் சாப்பாடாகப் போட்டால் மெல்ல நரம்பு பாதிக்கும், மீன் சமநிலை இழக்கும், வலிப்பு கூட வரும். ஃப்ரீசரில் வைத்துப் போட்டாலும் அந்த நொதி சாகாது. இந்த ஆஸ்கரை யாரும் அறுத்துப் பார்க்கவில்லை, அதனால் இதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அறிகுறிகள் அப்படியே பொருந்துகின்றன. அது போக, நூற்றுக்கணக்கில் அடைத்து வைத்த தொட்டியிலிருந்து வெள்ளைப்புள்ளி நோயும், மீன் உடம்பில் ஒட்டிக்கொள்ளும் ஒட்டுண்ணியான நங்கூரப்புழுவும் இலவசமாகக் கூடவே வரும்.

அமேசானில் ஆஸ்கர் சின்ன மீன் தின்னும்தான். பூச்சி, இறால், நத்தையும் தின்னும். வெள்ளி அரோவானா தண்ணீருக்கு மேலே எகிறிக் கிளையில் இருக்கிற வண்டைப் பிடிக்கிற மீன். இதுகளுக்கு உயிர் மீன் மட்டும்தான் ஆகும் என்பது எந்த ஊர் நியாயம்? ஆரோக்கியமான ஆஸ்கரை இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டால் ஒன்றும் ஆகாது. சந்தையில் வாங்கிய இறாலை நறுக்கி, நடுவே ஒரு பெல்லட்டைச் செருகிப் போட்டால் முதலில் துப்பும், அப்புறம் விழுங்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறாலைக் குறைக்கலாம். பெல்லட் பழகிவிட்டால் நடுநடுவே இறாலோ ஜிலேபி மீன் துண்டோ போதும். இவ்வளவையும் கடையிலேயே, குட்டியாக இருக்கும்போதே செய்துவிடலாம். ஆனால் பெல்லட் டப்பா ஒன்று வாங்கினால் மாதக்கணக்கில் வரும், ஃபீடர் வாங்குகிறவன் வாராவாரம் வருவான். கணக்கு புரிகிறது, அண்ணே.

பெல்லட் வாங்கினாலாவது நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. பெரிய மூட்டையைப் பிரித்து, பெயரும் தேதியும் இல்லாத கவரில் கட்டித் தருகிறீர்கள். காற்றுப் பட்ட தீனியில் வைட்டமின் சி எவ்வளவு நாள் நிற்கும்? அஞ்சு ரூபாய் பிஸ்கட்டில் கூடத் தேதி இருக்கிறது. இன்னொரு பக்கம், தொட்டியில் தவளையையும் எலியையும் விட்டு வீடியோ போடுகிற வீரர்கள், மாட்டு இதயமும் கோழி ஈரலும் போட்டால் 'சைஸ் ஏறும்' என்கிற நிபுணர்கள். அந்தக் கொழுப்பு மீனின் ஈரலில் போய்ப் படிவதைப் பற்றி இவர்கள் வாயே திறப்பதில்லை. எட்டடி வரை வளரக்கூடிய அலிகேட்டர் கார் என்ற அமெரிக்க வேட்டை மீனை அரையடிக் குட்டியாக விற்றுவிடுவது, அது வளர்ந்து தீனி போட்டு மாளாதபோது வாங்கினவன் ஏரியில் விட்டுவிடுவது. 2023-ல் ஸ்ரீநகர் தால் ஏரியில் களை எடுக்கும்போது ஒன்று சிக்கியதே, அமெரிக்காவிலிருந்து நீந்தியா வந்தது?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்தது கொஞ்சம்தான்.

தயவு செய்து கோல்ட் ஃபிஷ்ஷைத் தீனி என்று விற்காதீர்கள். உயிர் மீன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற வாடிக்கையாளர் வந்தால், தனியாக வளர்த்து நோய் பார்த்த கப்பியைக் கொடுங்கள், விலை கூட வைத்துக்கொள்ளுங்கள். வேட்டை மீனைப் பெல்லட்டுக்குப் பழக்கிவிட்டு விற்பனைக்கு வையுங்கள், அதற்கும் ஐம்பது நூறு கூடக் கேளுங்கள், தருகிறோம். பிரித்துக் கட்டுகிற கவரில் மூட்டையின் தேதியைப் பேனாவால் எழுதினாலே போதும்.

அக்கா மகன் மறுபடி ஆஸ்கர் வேண்டும் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வருவேன். எங்கள் கண் முன்னால் பெல்லட் தின்று காட்டுகிற மீன் எந்தக் கடையில் இருக்கிறதோ அங்கேதான் வாங்குவோம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளன்